அரிதாரமும் தூரிகையும்: இரவுக் கலைஞர்களின் உருவப்படங்கள்

தமிழ்நாட்டில் இரவில் ஆடும் கலைஞரை அதிகம் வரைந்தவர் அந்தக் கலைஞரேதான். தெருக்கூத்திலும் இசை நாடகத்திலும் வேஷம் கட்டுகிறவர் தம் முகத்தில் தாமே எழுதிக்கொண்ட உருவங்களுக்குக் கணக்கில்லை. பொழுது விடிந்ததும் அவையெல்லாம் தேங்காய் எண்ணெயில் கரைந்து போயின. சுவரிலும் தாளிலும் துணியிலும் நிலைத்தவை சொற்பம். அவற்றிலும் பெரும்பாலானவை வேடத்தைக் காட்டினவே தவிர வேடதாரியைக் காட்டவில்லை. ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மேடையேறுவது பல தலைமுறைகளாகப் பழகிப்போன ஒரு நாட்டில் இந்தக் குறை சற்று விசித்திரமானது.

இந்த வரலாற்றைப் பார்க்க ஜெயங்கொண்டம் வசதியான இடம். வடக்கே தெருக்கூத்து செழித்த பழைய தென்னாற்காடு; தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் நாடகக் கொட்டகைகளுக்கும் ஓவியத்துக்கும் பேர்போன கும்பகோணமும் தஞ்சையும். ஊருக்குப் பக்கத்திலேயே முதலாம் இராசேந்திரன் (1014–1044) எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம். அதன் விமானத்தின் தென்புறச் சுவரில் அர்த்தநாரி நிற்கிறார். வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். சிற்பி இரண்டு உடல்களை நடுவில் ஒட்டவைக்கவில்லை. இடுப்பின் ஒரே வளைவில் ஒன்றை மற்றொன்றாக மாற்றியிருக்கிறார். அதே பக்கத்தில் ஆடவல்லானின் காலடியில் தாளமிடும் காரைக்கால் அம்மையார் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியவர். அழகும் இளமையும் வேண்டாமென்று பேயுருக் கேட்டுப் பெற்றவர் அவர். சுடுகாட்டில் நள்ளிரவு ஆட்டத்துக்குப் பாடியவர். பெண்ணுக்குச் சமூகம் விதித்த தோற்றத்தைக் கழற்றி வைத்துவிட்டு இரவின் ஆட்டத்தில் இடம்பிடித்த ஒருவரை, வற்றிய மார்போடும் எலும்புக் கைகளோடும் செதுக்கச் சோழச் சிற்பிகள் தயங்கியதே இல்லை. கோயில் கலையில் தனி ஒருவரின் அடையாளம் இவ்வளவு துலக்கமாக வருவது அபூர்வம்.

வண்ணத்தில் இதற்கு இணை தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் இருக்கிறது. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார். அவற்றில் ஆடும் மகளிர், முதுகும் இடையும் திருகிய ஒரு கணத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். அதே கோயிலின் கல்வெட்டு, இராசராசன் பல ஊர்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் 400 பேரைப் பெயரோடும் வீட்டு எண்ணோடும் குறிக்கிறது. சுவரில் உருவம் உண்டு, பெயர் இல்லை. கல்வெட்டில் பெயர் உண்டு, உருவம் இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

பிற்காலத்தில் இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்துத் தஞ்சை ஓவியர்கள் கும்பெனி அதிகாரிகளுக்காகச் சாதி, தொழில் வாரியாகப் படத்தொகுப்புகள் வரைந்து விற்றார்கள். சதிராடும் பெண்களும் மேளக்காரர்களும் அவற்றில் உண்டு. நகையும் புடவைக் கரையும் நுணுக்கமாக வரும். முகம் மட்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாங்கியவருக்கு வேண்டியது மாதிரி; ஆளல்ல.

ஆள் யாரென்று தெரியும் கலை கூத்துக் கொட்டகைக்குள் இருந்தது. ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வேஷக்காரர்கள் கையகலக் கண்ணாடியோடு தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். முகத்தில் எண்ணெய் தடவி, அரிதாரத்தையும் சிவப்பையும் எண்ணெயில் குழைத்து அடித்தளம் போடுவார்கள். கிருஷ்ணனுக்குப் பச்சை, துச்சாதனன் போன்ற ஆங்கார வேடத்துக்குச் சிவப்பு. மீசையும் புருவமும் மையால் எழுதிய பிறகு வெள்ளைப் புள்ளி வைக்கும் வேலை வரும். ஈர்க்குச்சி முனையை வெள்ளையில் தொட்டுத் தொட்டு, புருவத்தின் மேல் வளைவிலும் கன்னத்திலும் வரிசை பிசகாமல் வைக்க வேண்டும். மூச்சு சற்று வாங்கினாலும் கோடு கலையும். அதன்பின் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். கண்ணாடித் துண்டு பதித்த இந்த மரச் சாமான்களால்தான் வட மாவட்டங்களில் இதைக் கட்டைக்கூத்து என்றும் சொல்கிறார்கள்.

பெண் வேஷத்தின் ஒப்பனை இதற்கு நேர் எதிர். கட்டை இல்லை, புள்ளி வரிசை இல்லை. ரோஜா நிறப் பூச்சு, கண்மை, சவுரி, புடவை, கண்ணாடி வளையல். ஆண் வேஷக்காரருக்கு மனிதச் சாயலை மறைக்க வண்ணம் உதவுகிறது. பெண் வேஷக்காரருக்கு அந்த உதவி மிகக் குறைவு. தாடையும் கழுத்தும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். மிச்சத்தைக் குரலும் தோள் அசைவும் செய்ய வேண்டும். துகிலுரிதல் இரவில் திரௌபதியாக நிற்பவர் ஓர் ஆண் என்பது கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே கையெடுத்துக் கும்பிடுவார்கள். வேடமும் வேடதாரியும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் தெரிவதுதான் இந்தக் கலையின் உயிர். ஓவியத்துக்குள் கடைசிவரை சரியாக வராமல் போனதும் அதுதான். காஞ்சிபுரத்தை அடுத்த கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று ஆண் வேடம் கட்டத் தொடங்கியபோது, இந்தக் கணக்கு மறுபக்கமும் திரும்பியது.

இசை நாடகத்தில் நிலைமை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், குரல் உடையாத சிறுவர்களே ஸ்திரீபார்ட் போட்டார்கள். பின்னாளில் திரையில் ஆண்மையின் இலக்கணமாகக் கொண்டாடப்பட்ட சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக நடித்தவர். டி.கே. சண்முகம் வயதுவந்த பிறகு கிழவி வேடம் ஏற்று, அந்தப் பாத்திரத்தின் பெயராலேயே அவ்வை சண்முகம் ஆனார். எதிர்த்திசையில், கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு கம்பெனி நடத்தினார், ராஜபார்ட்டும் பெண்ணே. அந்த இரவு நாடகங்களைப் பார்க்கச் சிறப்பு ரயில் விட்டதாக நாடக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் ஆண்களோடு சேர்ந்து நடிப்பதில்லை என்றிருந்த கே.பி. சுந்தராம்பாள், 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்து ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1941-இல் ‘சாவித்திரி’யில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதர்.

இவர்களையெல்லாம் யார் வரைந்தார்கள்? கம்பெனியோடு ஊர் ஊராகப் போன ஓவியர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வேலை நடிகரை வரைவதல்ல. நடிகருக்குப் பின்னால் தொங்கும் படுதாவை வரைவது. தர்பார், தெரு, நந்தவனம், காடு என்று சீன் சீனாக எழுதினார்கள். அவர்களில் முக்கியமானவர் கொண்டையா ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதப் போனவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கி, சீடர்களோடு சாமிப் படங்கள் வரையத் தொடங்கினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டராக்கி வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அந்தப் படங்களின் முருகனையும் கிருஷ்ணனையும் நாடக மேடையை மனதில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும்: ரோஜா பூசிய கன்னம், மை தீட்டிய நீண்ட கண், மீசையில்லாத மென்மையான உதடு, பின்னால் படுதாவைப் போன்ற ஏரியும் மலையும். பால பார்ட் போட்ட பையன்களின் ஒப்பனை முகம் அது. ஸ்திரீபார்ட் நடிகர்களுக்கு ஓவியத்தில் தனிப் படம் கிடைக்காவிட்டாலும், அவர்களின் சாயல் பூஜையறைக்குள் போய்விட்டது என்று சொல்வது மிகையாகாது.

நடிகரின் சொந்த முகம் கிடைக்கும் இடம் ஸ்டுடியோ போட்டோவும் நாடக நோட்டீசும்தான். ஸ்பெஷல் நாடக நோட்டீசில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவர் படமும் பெயரோடும் ஊரோடும் அச்சாகும். தஞ்சை மகளிரின் சுவருக்குக் கிடைக்காத பெயர், மலிவான கலர் தாளுக்குக் கிடைத்திருக்கிறது. இன்று அதே வேலையை ஃபிளெக்ஸ் செய்கிறது.

பிற நாடுகளில் ஓவியர்கள் இந்த முகங்களைத் தேடிப் போனார்கள். சப்பானில் கபுகி மேடையில் பெண்ணாக நடித்த ஆண்களை ஷராகு 1794–95-இல் பத்தே மாதங்களில் அச்சோவியங்களாக வெளியிட்டார். பெண் முடியலங்காரத்துக்குக் கீழே கனத்த ஆண் தாடையை அப்படியே விட்டுவைத்தார்; கூத்துக் கொட்டகையில் பார்வையாளர் காணும் அந்த இரட்டை முகத்தைத் தாளில் பிடித்தவர் அவர் ஒருவரே எனலாம். பாரிசில் 1889-இல் திறந்த மூலான் ரூஜ் கேளிக்கை அரங்கின் கலைஞர்களை துலூஸ்-லோத்ரெக் பெயர் சொல்லி வரைந்தார். கோமாளிப் பெண் ஷா-யு-காவோவை அவர் 1895-இல் தீட்டிய படங்களில், ஆட்டம் முடிந்த களைப்பும் உண்டு. பெர்லின் இரவு மேடைகளைக் கலக்கிய அனிதா பெர்பரை ஓட்டோ டிக்ஸ் 1925-இல் செக்கச் சிவந்த உடையில் வரைந்தபோது அவருக்கு 26 வயது; படத்தில் இருப்பதோ முதிர்ந்த முகம். இதைக் கொடுமை என்பவர்களும் உண்டு. ஆனால் அந்த முகம் அவருடையது.

இந்திய நவீன ஓவியத்தில் இந்தத் துணிச்சல் தாமதமாகத்தான் வந்தது. பரோடாவின் பூபேன் கக்கர் (1934–2003) 1982-இல் வரைந்த ‘காசியில் இருவர்’ ஆணுடலின் காதலை ஒளிவுமறைவின்றி வைத்தது. பெங்களூரின் என். புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு 2000 முதல் 2004 வரை செய்த தென்னிந்தியப் பெண்கள் வரிசையில் ரவிவர்மாவின் ‘நிலவொளியில் பெண்’ போன்ற படங்களுக்குள் தாமே வேடமிட்டு உட்கார்ந்தார். கருவி புகைப்படம்தான், ஆனால் படுதா, ஒப்பனை, நிறுத்திய பாவனை எல்லாம் நாடகக் கம்பெனியின் சொத்து. ரவிவர்மாவின் பெண்மையே ஒரு வேடம் என்று அவர் காட்டியதற்குப் பிறகு அந்தப் படங்களைப் பழையபடி பார்ப்பது கடினம். லாகூரில் பிறந்து நியூயார்க்கில் வாழும் சல்மான் தூர் 2019-இல் வரைந்த மதுக்கூட ஓவியம், மனே 1882-இல் வரைந்த பாரிஸ் மதுக்கூடத்துக்குத் தெற்காசிய முகத்தோடு ஒரு மறுமொழி. பச்சை கலந்த இரவு வெளிச்சத்தில் மெலிந்த, நாசூக்கான இளைஞர்கள். தமிழ் ஓவியத்தில் நகரத்து இரவுக்கு இன்னும் இப்படி ஒருவர் வரவில்லை.

ஜெயங்கொண்டத்துக்கு வடக்கே, உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியையொட்டி நடக்கும் கூத்தாண்டவர் திருவிழா இந்த விஷயத்தில் தனி அத்தியாயம். கூத்தாண்டவரான, பாரதக் கதையில் களப்பலியாகும் அரவானுக்குத் திருநங்கைகள் மாலையில் தாலி கட்டிக்கொண்டு இரவெல்லாம் கும்மியடித்து, மறுநாள் தாலியறுத்து வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். அங்கே வண்ணம் தீட்டிப் போற்றப்படும் முகம் அரவானுடையது: உருட்டிய கண்ணும் முறுக்கிய மீசையுமாகப் பெரிய தலை. மணப்பெண்களின் முகங்கள் கேமராக்காரர்களுக்குப் போயின. ஆண்டுதோறும் குவியும் அந்தப் புகைப்படங்களில் கணிசமானவை அழுகையையும் அலங்காரத்தையும் மட்டுமே துரத்துபவை.

அண்மையில் தூரிகை கைமாறியிருக்கிறது. 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலின அடையாளத்தை ஏற்றது. 2019-இல் தஞ்சை கிட்டப்பா பிள்ளையின் மாணவியான திருநங்கை நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ பெற்றார். இந்தச் சூழலில், 2011-இல் வெளிவந்த ‘நர்த்தகி’ படத்தில் நடித்த திருநங்கை கல்கி சுப்ரமணியம் ஓவியராகவும் எழுந்தார். தாம் தொடங்கிய சகோதரி அமைப்பின் வழியாகத் திருநங்கைகளுக்கு ஓவியம் பழக்கினார். அவர் வரையும் முகங்கள் அடர்ந்த வண்ணத்தில் நேராகப் பார்ப்பவை; அளவுப் பொருத்தம் பற்றிய கவலை அவற்றுக்கு இல்லை. பயிற்சி பெற்ற விமர்சகர் குறை காணலாம். ஆனால் ஈர்க்குச்சியால் தன் முகத்தில் புள்ளி வைத்துக்கொண்ட கூத்துக்காரரின் வேலைக்கு இவை நெருங்கிய உறவு: வரைபவரும் வரையப்படுபவரும் ஒருவரே.

பூர்ணிமா சுகுமார் 2016-இல் பெங்களூரில் தொடங்கிய அரவானி கலைத் திட்டம் இதைத் தெருச் சுவருக்குக் கொண்டுபோனது. பெயரே கூவாகத்து அரவானிலிருந்து வந்தது. திருநங்கைகளும் மற்றப் பெண்களும் சேர்ந்து பாலத்தடிகளிலும் கட்டடச் சுவர்களிலும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட முகங்களை எழுதுகிறார்கள். இந்தக் குழுவின் சுவரோவியம் 2024-இல் வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சி வரிசையின் 60-ஆவது பதிப்பில் இடம்பெற்றது.