2055இல் உங்கள் கிணற்றடி

கண்ணை மூடச் சொன்னதும் மலையருவியையும் மான்கூட்டத்தையும் காட்டுகிறவரை நம்பாதீர்கள். யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. ஊர்ச் சனசமூக நிலையத்தில் பாய் விரித்து, ஒருவர் வழிநடத்த, 30 வருடம் கழித்து ஊர் எப்படி இருக்கும் என்று பலரும் சேர்ந்து மனக்கண்ணில் காணும் அமர்வு நடந்தால், அவர் தண்ணீரைப் பற்றி என்ன கேட்கிறார் என்று முதலில் கவனியுங்கள். "வாளி எவ்வளவு ஆழம் இறங்குது? அள்ளின தண்ணி என்ன ருசி?" என்று கேட்டால் ஆள் விஷயம் தெரிந்தவர். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மாரி மழைதான் நமக்கு முதல். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். தோட்டத்து உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்கும்.

இந்த அமர்வு முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் எலிஸ் போல்டிங், நோர்வேயில் பிறந்த அமெரிக்கச் சமூகவியலாளர். ஆயுதக் குறைப்புக்காகப் பாடுபடுவோரிடம், ஆயுதமற்ற உலகம் எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர்களால் சொல்ல முடியவில்லை. அதனால் 1980களில் பட்டறைகள் நடத்தத் தொடங்கினார். சர்வோதய இயக்கம் 2002 மார்ச்சில் அநுராதபுரத்தில் லட்சக்கணக்கானோரைக் கூட்டி நடத்திய சமாதானத் தியானம் வேறு வகை. அங்கே மனம் அடங்க வேண்டும். இங்கே அது ஊர் சுற்ற வேண்டும்.

போல்டிங் முறையின் சுவை பின்பாதியில்தான். கண்டுவந்த ஊரிலிருந்து திரும்பிப் பார்த்து, "இது எப்படி வந்தது?" என்று வருடம் வருடமாகப் பின்னோக்கி நினைவுகூர வேண்டும். 2055இல் கிணறு நன்னீராக இருந்தால், 2045இல் யார் எந்தக் குளத்தைத் தூர்வாரினார்கள்? முதல் கூட்டத்தில் யார் எதிர்த்தார்கள்? இங்கே தடுமாறுகிறவரின் பேச்சைத்தான் நான் விரும்பிக் கேட்பேன். அழகாக வர்ணிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள்.

இப்படி நினைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவரைத் தடுப்பது அவர் கண்ட காட்சி. பல பத்தாண்டுகள் அது முற்றுப்பெறாமல் கிடந்தது. ஆனாலும் வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அமர்வில் எழும் படங்களை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து பகிர்வு நேரம். எல்லோரும் சூரிய மின்தகட்டையும் சைக்கிளையும் மட்டும் சொன்னால், யாரும் உண்மையில் கண்ணை மூடவில்லை. ஒருவருக்குத் தோட்டம், இன்னொருவருக்குப் பனை வடலி, மற்றவருக்கு அதே காணியில் ஹோட்டல் என்று வாக்குவாதம் எழுந்தால் எழுந்து போய்விடாதீர்கள். கனடாவிலும் லண்டனிலும் பாதிக் குடும்பம் இருக்கும் ஊரில் இன்னொரு கேள்வியும் வரும்: அந்த வீட்டுப் படலையை 2055இல் உள்ளிருந்து திறப்பது யார்? வழிநடத்துபவர் அதைக் கேட்காவிட்டால், நீங்களே கேட்டுவிடுங்கள்.