உருக்கி மறுபடி உறைய வைத்தால் படிகம் தேறுமா?

புரதப் படிகங்களோடு மல்லுக்கட்டுகிற யாரிடமாவது ‘உறைய வைத்ததும் படம் கெட்டுப்போச்சு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘அனீல் பண்ணிப் பார்த்தியா?’ என்பார்கள். இந்தக் கேள்விமேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. எக்ஸ்-கதிர் படிகத்தைச் சிதைக்கும். அந்தச் சேதத்தைக் குறைக்கத்தான் கிளிசரால் மாதிரி ஒன்றில் தோய்த்து, திரவ நைட்ரஜனில் முக்கி, 100 கெல்வினில் வைத்துப் படமெடுக்கிறோம். ஆனால் குளிரும்போது படிக அடுக்கும் அதற்குள் இருக்கும் நீரும் ஒரே அளவில் மாறுவதில்லை. அடுக்கு குலையும், மொசைசிட்டி ஏறும், புள்ளிகள் இழுபடும்.

1998-இல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா டி இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஹார்ப், டிம், பனிக் மூவரும் நியூக்ளியோசோம் படிகத்தைக் குளிர்வாயுவிலிருந்து எடுத்து, பாதுகாப்புக் கரைசல் துளியில் சில நிமிடம் போட்டு, மறுபடி உறைய வைத்தார்கள். யேயும் ஹோலும் கிளிசரால் கைனேஸ் படிகத்தை லூப்பிலேயே விட்டு, வாயுவைச் சில நொடிகள் மறித்து மறித்துத் திறந்தார்கள். இரண்டு இடத்திலும் படம் தேறியது.

கட்டுரைகளில் குறையில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் பிரச்சினை. முதலில் பெயரே தப்பு. உலோகத்தை அனீல் செய்தால் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவார்கள். இங்கே இளக்கிவிட்டு மறுபடி சட்டென்று குளிர்விக்கிறோம். அடுத்தது, இரண்டு முறைகளும் ஒன்றல்ல. துளிக்குள் போன படிகம் சுற்றியிருக்கும் கரைசலோடு நீரைக் கொடுத்து வாங்க முடியும். லூப்பில் இருப்பதற்கு அந்த வசதி இல்லை, மேலிருக்கும் ஈரமும் காயும். போகிற வழியில் பனி முளைக்கிற வெப்பநிலைகளை வேறு தாண்டியாக வேண்டும். அப்படியிருந்தும் செய்முறைப் பகுதியில் ‘அனீல் செய்யப்பட்டது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எத்தனை நொடி? எத்தனை படிகம் செத்தது? தோற்ற கதையை யாரும் எழுதுவதில்லை.

எழுதாதவர்களில் நானும் ஒருத்தன்தான். கையில் இருந்த ஒரே நல்ல படிகத்துக்கு முன்னால் பழைய அடையாள அட்டையை நீட்டி மூணு தடவை வாயுவை மறித்தேன். அடுத்த படத்தில் பனி வளையங்கள் மட்டும். நாலு மாச வளர்ப்பு, போச்சு. பிறகு அதே தட்டில் இருந்த சின்னப் படிகங்களை உறைய வைக்காமல், தந்துகிக் குழாயில் அறை வெப்பநிலையிலேயே படமெடுத்தால், அங்கேயும் அதே மங்கல். கோளாறு வளர்ப்பிலேயே இருந்திருக்கிறது. குளிர்விப்புமேல் பழி போட்டு, இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

அனீலிங்கைவிட அதிகம் படிக்கப்பட வேண்டியது வார்கென்டினும் தார்னும் மற்றவர்களும் 2006-இல் எழுதிய கட்டுரை. திரவ நைட்ரஜனுக்கு மேலே குளிர்ந்த வாயு ஒரு படலமாக நிற்கும். படிகம் திரவத்தைத் தொடுவதற்கு முன்பே, அந்தப் படலத்தைக் கடக்கும்போதே, மெதுவாகக் குளிர ஆரம்பித்துவிடும். அதை ஊதித் தள்ளினால் குளிரும் வேகம் பல மடங்கு கூடும். முக்கியமாக, இதற்குப் படிகத்தை இரண்டாவது முறை பணயம் வைக்க வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் குடுவையை விளிம்புவரை நிரப்புகிறேன். ஒரு படிகத்தையாவது முதலில் உறைய வைக்காமல் சுடுகிறேன். அட்டை இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. நாலஞ்சு படிகம் மிச்சம் இருக்கிற நாளில் மட்டும் எடுப்பேன்.