வேடமாக ஒரு சீருடை: இரண்டு ஆட்டங்கள், இரண்டு கலவரங்கள்

வீடியோ கேம் பற்றியெல்லாம் இங்கே எழுத வேண்டுமா, அது சின்னப் பசங்க சமாச்சாரம்தானே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். நிலம், உடல், சொத்து, போலீஸ், கதை இவையெல்லாம் இருக்கிற எதுவும் ஒரு பிரதிதான். அதை வாசித்தாக வேண்டும். அதுவும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிஃப்ட் முடிந்து வந்து, ஓர் அறைக்கு ஆறேழு பேராகப் படுத்துக் கிடக்கிற இளைஞர்களின் கைபேசித் திரையில் விரிகிற உலகம் என்றால் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் ‘வைஸ் சிட்டி’ 2002இல் வந்தது. அடுத்து வந்த பெரிய ஆட்டம் ‘சான் ஆண்ட்ரியாஸ்’, 2004இல். திருட்டு சி.டி.யும் பிரவுசிங் சென்டரும்தான் இவற்றை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்தன. 2012இலும் 2013இலும் இவை கைபேசிக்கும் வந்து சேர்ந்தன. இந்த வகை ஆட்டத்தைத் ‘திறந்த உலகம்’ என்கிறார்கள். கதையை ஓரமாக வைத்துவிட்டு நகரத்தில் சும்மா சுற்றலாம், கண்ணில் படுகிற வண்டியைப் பறித்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். எனக்கு அந்தச் சொல்லின் மீதே சந்தேகம். யாருக்குத் திறந்திருக்கிறது? யாராக உள்ளே போனால் திறக்கும்?

‘வைஸ் சிட்டி’யின் நகரம் 1986ஆம் வருஷத்து மயாமியின் சாயல். சிறையிலிருந்து வந்த டாமி வெர்செட்டி அங்கே சுதந்திரம் அடைவது சொத்து வாங்குவதன் மூலம். அச்சகம், ஐஸ்கிரீம் ஆலை, டாக்ஸி கம்பெனி, சினிமா ஸ்டுடியோ என்று வரிசையாக வாங்குகிறான். வாங்கிய இடத்துக்குரிய வேலைகளை முடித்துவிட்டால் போதும், வாசலில் பணம் தானாகச் சேரும், போய் அள்ளிக்கொள்ளலாம். ஐஸ்கிரீமை யார் செய்தார்கள், அச்சை யார் கோத்தார்கள் என்கிற கேள்வி அங்கே எழுவதேயில்லை. உழைப்பை அழித்துவிட்டு உபரியை மட்டும் காட்டுகிற இடம் இது.

ஆனாலும் தொழிலாளிகள் ஓரிரு இடங்களில் தலைகாட்டிவிடுகிறார்கள். ஆடியவர்கள் யாரும் அந்தக் குட்டி ஹெலிகாப்டரை மறந்திருக்க மாட்டார்கள். பாதி கட்டிய கட்டடத்துக்குள் அதைப் பறக்கவிட்டு மாடி மாடியாகக் குண்டு வைக்க வேண்டும். கையில் கிடைத்த கருவியோடு அதை அடிக்க ஓடிவருகிற கட்டடத் தொழிலாளிகள் நமக்கு வெறும் இடைஞ்சல். இந்த வேலையைக் கொடுப்பவன் ஏவரி கேரிங்டன், ரியல் எஸ்டேட் முதலாளி. அதற்கும் முன்பு வருகிற ‘கலவரம்’ என்கிற பணியும் அவனுக்காகத்தான். ஒரு பார்சல் கம்பெனி நல்ல மனையில் உட்கார்ந்துகொண்டு விற்க மறுக்கிறது. அதன் வாசலில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் நிற்கிறார்கள். டாமி தொழிலாளி உடை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து நாலு பேரை அடித்துக் கலவரம் மூட்டி, உள்ளே போய் வேன்களைக் கொளுத்த வேண்டும்.

எனக்கு இந்த ஆட்டத்தின் மையமே இதுதான் என்று தோன்றுகிறது. தொழிலாளிகள் கூட்டாகத் திரண்டு நிற்கிற ஓர் இடத்தில், ஆடுகிறவனுக்குத் தரப்படுகிற பாத்திரம் ஏவலாள். வாரம் ஆறு நாள் கம்பெனி சீருடையில் இருக்கிறவன், ஏழாவது நாள் விரல் நுனியில் இன்னொரு சீருடையை மாட்டுகிறான். அவனுக்கு அது பிழைப்பு, டாமிக்கு வேடம். வேடமாகப் போட்டால்தான் அந்தக் கேட் திறக்கிறது.

இந்தப் பகுதியில் எந்தப் போராட்டம் நடந்தாலும் ‘வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள்’ என்கிற சொல்லாடல் உடனே கிளம்பும். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் அதைக் கேட்டோம். அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலை அக்டோபரில் போலீஸ் பிரித்தது. ‘வைஸ் சிட்டி’ தன்னையறியாமல் ஓர் உண்மையை உளறிவிடுகிறது: அங்கே தூண்டிவிட வருகிற வெளியாள் சங்கத்திலிருந்து வரவில்லை, மனைக்காரனின் வக்கீல் அறையிலிருந்து வருகிறான்.

‘சான் ஆண்ட்ரியாஸ்’ இதைவிட நேர்மையான பிரதி. டாமி தண்ணீரில் விழுந்தால் செத்துப்போவான். கார்ல் ஜான்சன் நீந்துவான். டாமிக்குப் பசியே கிடையாது. கார்லுக்குப் பசிக்கும், தின்றால் கொழுப்பு ஏறும், தின்னாவிட்டால் உடம்பு வற்றும். கறுப்பு இளைஞனான அவனுக்கு ஒரு தெரு உண்டு, கொல்லப்பட்ட அம்மா உண்டு, பொய் வழக்கைக் காட்டி மிரட்டுகிற போலீஸ்காரன் உண்டு. டாமி நகரத்தை விலைக்கு வாங்குகிறான். கார்ல் தன் தெருவுக்குத் திரும்பி வருகிறான். ஆனால் பசி இங்கே ஒருவன் தன் உடம்பைப் பராமரிக்கிற கணக்காகச் சுருங்கிவிடுகிறது. சோறு எங்கிருந்து வருகிறது, யார் ஆக்கியது என்பது இதிலும் இல்லை. தங்கையைக் கேலி செய்ததற்காகக் கட்டடத் தொழிலாளிகளின் மேஸ்திரியைச் சிமெண்டில் புதைக்கிற ஒரு பணியும் உண்டு. கட்டடத் தொழிலாளி இங்கேயும் எதிரிதான்.

இதிலும் ஒரு கலவரம் வருகிறது. 1992 ஏப்ரலில், ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எரிந்ததே, அதன் நிழல். ஆட்டத்தில் டென்பென்னி என்கிற அதிகாரி விடுதலையாகிறான், நகரம் கொந்தளிக்கிறது. முதல் கலவரத்துக்குக் காரணம் மனையின் விலை; இதற்குக் காரணம் அநீதி. இரண்டு வருஷ இடைவெளியில் இது பெரிய நகர்வு. ஆனால் கொந்தளிக்கிற ஜனங்களுக்கு முகமில்லை. அவர்கள் டி.வி. தூக்கிக்கொண்டு ஓடுகிற பின்னணி. டென்பென்னி செத்ததும் கலவரம் ஓய்ந்துவிடுகிறது. ஒரு கெட்ட போலீஸ்காரன் போய்விட்டால் அமைப்பு சரியாகிவிடும் என்கிற பழைய தாராளவாதக் கதைதான் மிஞ்சுகிறது.

ஆக, இரண்டாவது ஆட்டம் நாயகனுக்கு உடம்பைக் கொடுத்தது, ஊரைக் கொடுத்தது, கோபத்துக்கு நியாயத்தையும் கொடுத்தது. கூட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை. தன் தெருப் பையன்களைக் கார்ல் கூப்பிட்டால் பின்னால் வருவார்கள், சுடச் சொன்னால் சுடுவார்கள். சேர்ந்து யோசிக்க, சேர்ந்து மறுக்க அவர்களுக்கு வழியில்லை. இது தொழில்நுட்பத்தின் போதாமை என்று நான் நினைக்கவில்லை. இது தாராளவாதக் கற்பனையின் எல்லை. அந்த வரைபடத்தில் எவ்வளவு மலை, பாலைவனம், கடல் சேர்த்தாலும் அந்த எல்லை நகர்வதில்லை.

இந்த ஆட்டங்களில் நெடுஞ்சாலை எதற்கு இருக்கிறது? பறப்பதற்கு. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப்போன கோபத்தில், பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஒரகடத்து லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓடுகிற சாலை ஒன்றை மணிக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். இரண்டு ஆட்டத்திலும் ஓட, சுட, எகிற, திருட எல்லாவற்றுக்கும் பொத்தான் உண்டு. சேர்ந்து சாலையில் உட்கார மட்டும் பொத்தான் இல்லை.