இடைநின்றவர்: ஒரு வினைச்சொல்லின் அரசியல்

கல்விக் கொள்கை அறிக்கைகளை நம் விமர்சகர்கள் பிரதியாக வாசிப்பதில்லை. நாவல் என்றால் கட்டுடைப்போம். அறிக்கை என்றால் கடைசிப் பக்கத்துப் பரிந்துரைகளைப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அதிகாரம் அங்கேதான் சாவகாசமாக உட்கார்ந்து பேசுகிறது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டவரை அறிக்கைகள் 'இடைநின்றவர்' என்கின்றன. பள்ளியில் படித்த இலக்கணம்தான்: நின்றான் தன்வினை, நிறுத்தினான் பிறவினை. தன்வினையில் எழுதிய மாத்திரத்தில் நிறுத்தியவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார். வந்து சேராத உதவித்தொகை, புரியாத ஆங்கில விரிவுரை, சாதி விசாரித்த விடுதி அறை எல்லாம் மறைந்து, மிஞ்சுவது ஒரு பையன். அவனாகவே நின்றுவிட்டானாம்!

'மொத்தச் சேர்க்கை விகிதம்' என்பதும் இதே இலக்கணம்தான். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு இது 47. இந்திய அளவில் 28.4. பல தலைமுறைப் போராட்டத்தின் விளைச்சல், மறுக்கவில்லை. ஆனால் 18-23 வயதினர் தொகைக்கு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்லும். எந்தக் கல்லூரியில், எந்த மொழியில், படித்து முடித்தார்களா என்று கேட்டால் அந்த எண் வாய் திறக்காது.

வேறு இலக்கணத்தில் எழுதப்பட்டவையும் உண்டு. தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்து சுகதேவ் தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கை, மாணவரின் 'தகுதி'யை அல்ல, ஆசிரியரின் நடத்தையையும் மதிப்பெண் இடும் முறையையும் விடுதியில் நிலவிய ஒதுக்கலையும் விசாரித்தது. நிறுவனம் எழுவாயானது. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2007இல் தமிழ்நாட்டில் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு ஒழிந்ததும், நீட்டின் விளைவுகளை ஏ.கே. ராஜன் குழு 2021இல் ஆராய்ந்ததும் இந்த வரிசையில்தான் வரும். 'கிராமத்துப் பிள்ளை ஏன் தேறவில்லை' என்ற கேள்வி 'இந்தத் தேர்வு யாரைக் கழிக்கிறது' என்று திரும்பியது.

கொள்கை ஆய்வே அரசின் அறிதல்முறை, அதில் நுழைவது சமரசம் என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. மறுபாதியை அருந்ததியர்கள் அறிவார்கள். பட்டியல் சாதியினர் என்ற மொத்த எண்ணுக்குள் மறைந்துகிடந்த தம் பங்கை அவர்கள் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. 2009இல் கிடைத்த 3 சதவீத உள்ஒதுக்கீடு போராட்டத்தால் வந்தது, கணக்காலும் வந்தது. எண்ணப்படாதவர் எதை வைத்துப் பங்கு கேட்பார்?

ஆகவே ஆய்வுக்குப் போகும் நண்பர்களிடம் கேட்பது இதுதான். வினாப்பட்டியல் தயாராகும் மேசையில் கல்லூரியை விட்டுப் போனவரையும் உட்கார வையுங்கள். 'ஏன் நின்றாய்' என்பதை அடித்துவிட்டு 'எது நிறுத்தியது, யார் நிறுத்தினார்கள்' என்று எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மாணவர்கள் அல்ல; முதல்வர் அறையிலும் செயலகத்திலும் இருக்கிறார்கள்.