தீயைத் தாங்கும் கல்

மோட்டார் எஞ்சினின் பிஸ்டன் தலையிலும் புகைக்குழாயிலும் மெல்லிய பீங்கான் பூச்சிட்டு உஷ்ணத்தை விலக்கும் வித்தையைப் பலரும் வியக்கின்றனர். அவ்வித்தையின் பேருருவம், 1970-இல் தொடங்கப்பெற்ற ஆலங்குளம் அரசு சிமெண்டு ஆலை போன்றவற்றின் சுழலும் சூளைகளுக்குள் எவர் கண்ணிலும் படாமல் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சுமார் 1450 டிகிரி உஷ்ணத்தில் வெந்து கிளிங்கராகும்போது, வெளிக்கூடான இரும்பு இளகாமல் நிற்பது உள்ளே வளையம் வளையமாக அடுக்கிய தீச்செங்கல்லினால்தான்.

சூளை ஆறிய நாட்களில் உள்ளே நுழைந்து, ஆப்பு வடிவக் கல்லை இலேசாகத் தட்டி அதன் கணீரென்ற நாதத்தில் விரிசலின்மையை அறிந்து, கீழ்ப்பாதியை முதலில் பரப்பி, மேற்பாதியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, இறுதி இடைவெளியில் பூட்டுக்கல்லைச் செருகி, எஃகுத் தகட்டை அடித்து இறுக்கும் கொத்தனாரின் லாகவம் அலாதியானது. ஒரு கல் தளர்ந்தால், சூளை சுழலும்போது வளையமே குலைந்துவிடும். அதனினும் எனக்குப் பிரியமானது, நெருப்பு மூட்டியபின் நிகழ்வது: பாதி உருகிய கிளிங்கர் கல்லின்மேல் படிந்து, சொரசொரப்பான கருந்தோலாக உறைந்து, அதற்கும் ஒரு கவசமாகிறது. அப்படிவு உதிராதவாறு ஜ்வாலையைச் சீராக வைத்திருப்பது சூளையை இயக்குபவரின் இடையறாத சிரத்தை.