ஜாதவ்பூரில் அடிக்கும் ஷீத்

கொல்கத்தாவில் சனவரி இரவு 14 பாகையை ஒட்டி இறங்கினாலே போதும், ஜாதவ்பூர் ரயில் நிலையத்தில் மங்கி குல்லாய்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும். லாட்வியாவிலிருந்து வந்தவர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் குளிரைச் சொல்ல வங்காளி வைத்திருக்கும் சொற்கள் சிரிப்புக்கு உரியவை அல்ல.

‘ஷீத்’ என்பது பருவத்துக்கும் பெயர், உடம்பு உணரும் குளிருக்கும் பெயர். ‘ஆமார் ஷீத் கோர்ச்சே’ என்றால் எனக்குக் குளிருகிறது. ‘டாண்டா லெகேச்சே’ என்றால் சளி பிடித்துவிட்டது. ஆறிப்போன தேநீருக்கு வேறொரு வினை உண்டு: ‘ஜுரானோ’. உள்ளம் குளிர்வதற்கும் கண் குளிர்வதற்கும் அதே வினைதான்! ‘ஹிம்கர்’ என்பது ஹூக்ளி, பர்தமான் உருளைக்கிழங்கு விவசாயிகளின் குளிர்பதனக் கிடங்கு.

‘டாண்டா’வைக் கேட்டதும் நம் ‘தண்’ நினைவுக்கு வரும். இந்த உறவு காதோடு சரி. விறைத்துப்போனது என்று பொருள்படும் ‘ஸ்தப்த’ என்ற வடசொல்லோடுதான் அதை இணைத்துச் சொல்கிறார்கள். விறைப்பிலிருந்து குளிருக்கு வர அதிக தூரம் இல்லை.

‘ஷிஷிர்’ கதை இன்னும் சுவையானது. வடமொழியில் ‘சிசிரம்’ குளிர்காலம்; நம் பின்பனி. வங்காளத்தில் அது புல்நுனிப் பனித்துளியாகச் சுருங்கிவிட்டது. இதே வேரில்தான் உறைகுளிரைக் குறிக்கும் லாட்விய ‘சால்ட்ஸ்’ நிற்கிறது. அங்கே குளிர்காலம் ‘சியமா’. அதன் உறவுக்காரர்கள் நம்மிடம் புழங்கும் ஹிமமும் ஹேமந்தமும்.

இந்த உறவில் ஆழ்ந்த ஆர்வம் கொண்டிருந்தவர் மொழியியலாளர் சுனிதி குமார் சட்டர்ஜி. வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றிய அவருடைய பெருநூல் 1926-இல் வந்தது. பால்டிக் மக்களையும் ஆரியரையும் ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் சிம்லாவிலிருந்து 1968-இல் வெளியானது. அவர் வாழ்ந்த ‘சுதர்மா’ இல்லம் ஜாதவ்பூருக்கு அருகே, ஹிந்துஸ்தான் பார்க்கில் இருக்கிறது.

குளிர்ந்தது என்று சொல்ல லாட்வியர் அன்றாடம் புழங்கும் சொல்லோ ‘அவுக்ஸ்ட்ஸ்’. பழைய ஐரிஷிலும் ஆர்மீனியத்திலும் அதற்கு உறவினர் உண்டு என்பர். குளிர்ந்த இறைச்சி என்று அவர்கள் சொன்னால் அது கட்டிப்பட்ட ஒரு தனிப் பண்டம். சளி பிடிப்பதற்கான வினையும் இதே வேரில் பிறந்தது, வங்காளியின் டாண்டாவைப் போலவே. ‘மன் இர் அவுக்ஸ்டி’ என்றால் எனக்குக் குளிருகிறது; இந்தத் தொடரின் அமைப்பு நமக்குப் புதிதல்ல. குளிர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், ‘எனக்கு’ என்று நாம் சொல்வதைப் போல.

வங்காளத்துக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. பெரியம்மையின் தெய்வத்துக்கு அது வைத்த பெயர் ஷீத்தலா, குளிர்ந்தவள். குளிர் அங்கே கேட்டுப் பெறும் வரம். அது சரியாக விழாவிட்டால் ஈச்சஞ்சாறு விடிவதற்குள் புளித்துவிடும். அதைக் காய்ச்சி எடுக்கும் நொலேன் வெல்லம் கெடும். அந்த வெல்லத்தில் பிடிக்கும் பொரியுருண்டையான, 2015-இல் புவிசார் குறியீடு பெற்ற ஜெயநகர் மோயாவும் ருசிக்காது.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் ஷீத்தல ஷஷ்டி. மேற்கு வங்கத்தைப் பூர்விகமாகக் கொண்ட ‘கொட்டி’ வீடுகள் பலவற்றில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. சின்ன உருளை, கத்தரி, அவரை, பயறு எல்லாவற்றையும் நறுக்காமல் முந்தின நாளே வேகவைத்து, ஆறியதையே உண்பார்கள். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகள் குடியேறிய பிஜய்கட் பக்கம் இந்த வழக்கம் குறைவு. அங்கே சில வீடுகளில் சரஸ்வதி பூஜை என்றால் ஜோடி இலிஷ் மீன், அதுவும் சுடச்சுட.