ஒரு குதிரை, பல சொற்கள்

சீன மொழியில் குதிரைக்கு ‘மா’ என்று பெயர். பழைய எழுத்தில் 10 கோடுகள்; உற்றுப் பார்த்தால் பிடரியும் நான்கு கால்களும் தெரியும். இன்று சீனாவில் எழுதும் சுருக்க வடிவத்துக்கு 3 கோடுகள் போதும். அந்த ஓர் எழுத்தைப் பழக்கிவிட்டால் நம்மை ஏற்றிக்கொண்டு வெகுதூரம் போகும்.

‘மாஷாங்’ என்றால் குதிரைமேல், பொருளோ ‘உடனே’. சேணத்தில் ஏறியவன் தாமதிப்பானா? ‘மாலூ’ குதிரை வழி. இன்று கார்கள் ஓடும் சாலை. ‘மாஹு’வில் குதிரையும் புலியும் சேர்ந்தால் அசட்டை. பக்கத்தில் பெண்ணுக்கான குறி நின்றால் அம்மா. அங்கே குதிரை தருவது ஒலியை மட்டும்.

நான்கெழுத்து மரபுத்தொடர்களில் சுவை இன்னும் கூடுகிறது. குதிரையில் போனபடி பூப் பார்ப்பது, நம் ‘நுனிப்புல் மேய்வது’தான். ‘கிழட்டுக் குதிரை வழியறியும்’ என்பதற்குப் பின்னால் ‘ஹான் ஃபெய்ட்சு’ நூலின் கதை இருக்கிறது: போரிலிருந்து திரும்புகையில் பண்டைய சீனாவின் சி நாட்டுப் படை வழிதவறியது, அமைச்சர் குவான் ஜோங் கிழட்டுக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவற்றின் பின்னே படையை நடத்தினார்.

பட்டியலாக உருப்போட்ட சொற்கள் உதிர்ந்துவிடும். உறவோடு வந்தவை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும்.